பள்ளிக்கூடம் கட்ட ஊராரின் ஒப்புதல்: கலிபோர்னியக் கடன்பத்திர வாக்கெடுப்பு பற்றிய ஓர் ஆய்வு

ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகுகிறது. வகுப்பறைகள் போதவில்லை. நம் பகுதியில் இத்தகைய தேவை எழுமாயின் மனு எழுதப்படும்; அரசு நிதி ஒதுக்கும்; அல்லது ஊர்ப் பெரியவர்கள் கூடி நன்கொடை திரட்டுவர். நகராட்சி வீட்டுவரிச் சீட்டில் கல்வி வரி என ஓர் இனம் உண்டென்பதை நாம் அறிவோம். ஆயின் அவ்வரியைக் கூட்டிப் பள்ளி கட்டலாமா என்று எவரும் நம்மிடம் வாக்குக் கேட்டதில்லை.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் நிலைமை வேறு. அங்கே பள்ளிக் கட்டடத்திற்காகப் பெருந்தொகை கடன் வாங்க வேண்டுமெனில் அக்கடனை அடைக்கப்போகும் ஊராரிடமே முதலில் ஒப்புதல் பெறவேண்டும். 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒவ்வொருவரும் வாக்குச்சீட்டில் குறித்தாக வேண்டும். கல்வியை விரும்பாத ஊர் உலகில் இல்லை. எனினும் இவ்வாக்கெடுப்புகளில் பல தோற்றன, இன்றும் தோற்கின்றன. ஏன் தோற்கின்றன என்பதைக் கலிபோர்னியா மாநிலத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடன்பத்திரம் இயங்கும் முறை

அமெரிக்காவில் பொதுப்பள்ளிகளை நடத்துவது பள்ளி மாவட்டம் என்னும் தனி அமைப்பு. இதனை நம் வருவாய் மாவட்டத்தோடு ஒப்பிட்டுக் குழம்புதல் கூடாது. சில பள்ளி மாவட்டங்கள் ஒரு சிற்றூரின் அளவே இருக்கும். சில பெருநகரையே உள்ளடக்கும். பெரும்பாலானவற்றுக்கு மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சிக்குழு உண்டு. ஆசிரியர் ஊதியம், பாடநூல், மின்கட்டணம் போன்ற அன்றாடச் செலவுகள் ஆண்டு வரவில் அடங்கிவிடும். ஐம்பது ஆண்டுகள் நிற்கவேண்டிய கட்டடத்தை ஓராண்டு வரவில் கட்ட இயலாது. ஆகவே பள்ளி மாவட்டம் கடன்பத்திரங்களை விற்று முதலீட்டாளரிடமிருந்து பணம் பெறுகிறது. அசலும் வட்டியுமாக அதனை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் அடைக்கிறது. அடைப்பதற்குரிய பணம் அவ்வூரின் வீடு, கடை, நிலம் ஆகியவற்றின்மீது விதிக்கப்படும் கூடுதல் சொத்துவரியிலிருந்து வருகிறது.

எனவே ஊராரிடம் கேட்கப்படுவது இரண்டு கேள்விகள். இக்கட்டடம் தேவையா என்பது ஒன்று. அடுத்த ஒரு தலைமுறைக் காலத்திற்கு உங்கள் வரியை உயர்த்த உடன்படுகிறீர்களா என்பது மற்றொன்று. வாக்குச்சீட்டில் இவை பிணைந்து ஒரே கேள்வியாக நிற்கின்றன. முதற்கேள்விக்கு 'ஆம்' என்றும் இரண்டாவதற்கு 'இல்லை' என்றும் விடைகூற விரும்புவோர்க்கு அச்சீட்டில் இடமில்லை. விவாதங்கள் சூடேறுவதற்கு இப்பிணைப்பே முதற்காரணம் எனலாம்.

ஒரு மறுப்பு, இரண்டு இசைவுகள்

கலிபோர்னியாவில் உள்ளூர்க் கடனுக்கு வாக்காளரில் மூன்றில் இரண்டு பங்கினரின் இசைவு வேண்டும் என்னும் விதி 1879ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஊராட்சிகள் பல, இருப்புப்பாதை நிறுவனங்களைத் தம் ஊருக்கு ஈர்க்கும் பொருட்டு அளவின்றிக் கடன்பட்டு நொடித்துப் போயின. அந்த அச்சத்தின் பிள்ளைதான் இவ்விதி. கடன் வாங்குவோர் இன்றைய மக்கள். அடைப்போர் நாளைய மக்கள். ஆகவே வெறும் பெரும்பான்மை போதாது என்பது இதன் உட்கருத்து. இக்கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆயினும் இதன் கணக்கை மாணவர்கள் சற்று நின்று நோக்கவேண்டும். நூறு பேர் வாக்களிக்கையில் அறுபத்தாறு பேர் 'ஆம்' என்றும் முப்பத்து நான்கு பேர் 'இல்லை' என்றும் கூறினால் தீர்மானம் தோற்கும். அதாவது ஒருவருடைய மறுப்பு இருவருடைய இசைவுக்கு நிகராகிறது. ஊரார் பள்ளியை மறுத்தனர் என்று மறுநாள் பேசப்படும். உண்மையிலோ ஊராரில் பெரும்பாலோர் பள்ளியை ஏற்றிருப்பர்.

1978ஆம் ஆண்டு ஜூன் மாதம் இவ்விதிக்கு மேலும் ஒரு பூட்டுப் போடப்பட்டது. அக்காலத்தில் கலிபோர்னியாவில் வீட்டு விலைகள் மிக விரைவாக ஏறின. வரியும் உடன் ஏறியது. ஓய்வூதியத்தில் வாழும் முதியோர், தாம் கட்டிய வீட்டிலேயே வரி செலுத்த இயலாமல் தவித்தனர். இச்சீற்றத்தின் விளைவே 13ஆம் முன்மொழிவு. ஏறத்தாழ அறுபத்தைந்து விழுக்காட்டினர் அதனை ஆதரித்தனர். சொத்துவரி மதிப்பில் ஒரு விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அம்மதிப்பும் ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஏறக்கூடாது. வீடு கைமாறும்போது மட்டுமே சந்தை விலைக்கு மதிப்பு திருத்தப்படும் என அது விதித்தது. முன்பே ஒப்புதல் பெற்ற கடன்களுக்கு விலக்கு இருந்தது. புதிய கட்டடக் கடன்களுக்கு வழியே இல்லாமற்போயிற்று. 1986இல் 46ஆம் முன்மொழிவு மூன்றில் இரண்டு பங்கு வாக்குடன் அவ்வழியை மீண்டும் திறக்கும்வரை, எட்டு ஆண்டுகள், ஓர் ஊர் தன் பள்ளிக்காகத் தானே இவ்வகைக் கடன் வாங்க விரும்பினாலும் சட்டம் இடந்தரவில்லை. அவ்வெட்டாண்டுகளிலும் குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருந்தனர்.

லாஸ் ஏஞ்சல்ஸில் நிகழ்ந்தது

இதன் விளைவை லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி மாவட்டத்தில் தெளிவாகக் காணலாம். நியூயார்க்கிற்கு அடுத்து நாட்டின் மிகப்பெரிய பள்ளி மாவட்டம் அது. 1980களிலும் 1990களிலும் மெக்சிகோவிலிருந்தும் நடு அமெரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் குடும்பங்கள் வந்து குவிந்தன. பள்ளிகளோ பெருகவில்லை. இருக்கும் கட்டடத்திலேயே கூடுதல் பிள்ளைகளை அடைப்பதற்கு நிர்வாகம் ஒரு முறையை மேற்கொண்டது. மாணவர்கள் மூன்று அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். எந்த நாளிலும் இரண்டு அணிகள் பள்ளியில், ஓர் அணி விடுமுறையில். கட்டடம் ஆண்டு முழுவதும் ஓய்வின்றி இயங்கியது. இம்முறையில் பயின்றோர்க்குப் பள்ளி நாட்கள் 163 மட்டுமே, ஏனையோர்க்கு 180. பள்ளி நேரம் நீட்டப்பட்டு இக்குறை ஈடுசெய்யப்பட்டது என்று கூறினர். பதினேழு நாட்களை நிமிடங்களாக நறுக்கி ஒட்டிவிடலாம் என்பதை வகுப்பறையில் நின்று பாடம் நடத்திய எந்த ஆசிரியரும் ஏற்றுக்கொள்ளார். இவற்றுக்கு மேலாக, அருகில் இடமில்லாத காரணத்தால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நாள்தோறும் பேருந்தில் தொலைவிலுள்ள பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர்.

1996ஆம் ஆண்டு நவம்பரில் 240 கோடி டாலர் கடன்பத்திரத்திற்கு ஒப்புதல் கேட்கப்பட்டது. பழைய பள்ளிகளைப் பழுதுபார்த்தலும் புதியன கட்டுதலும் நோக்கம். வாக்களித்தோரில் சுமார் அறுபத்தைந்து விழுக்காட்டினர் 'ஆம்' என்றனர். 13ஆம் முன்மொழிவைப் பெருவெற்றி என்று வரலாற்றில் எழுதவைத்த அளவும் ஏறத்தாழ இதுவே. இங்கோ அது தோல்வி எனப்பட்டது.

ஐந்து திங்கள் கழித்து, 1997 ஏப்ரலில், அதே தீர்மானம் மீண்டும் மக்கள்முன் வந்தது. சுமார் எழுபத்தொரு விழுக்காடு பெற்று நிறைவேறியது. அப்பணம் செலவாகும் முறையைக் கண்காணிக்க அலுவலர் அல்லாத குடிமக்களைக் கொண்ட மேற்பார்வைக் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. இக்குழுவை நான் சிறு செய்தியாகக் கருதவில்லை. மறுத்தோர் அனைவரும் கல்விக்குப் பகைவர் அல்லர். பணத்தைக் கையாளும் அலுவலகத்தின்மீது நம்பிக்கையற்றவர்களும் அவர்களில் இருந்தனர்.

அந்த ஐயம் அடிப்படையற்றது என்றும் கூறிவிட முடியாது. அதே 1997இல் நகரின் நடுப்பகுதியில் பெல்மான்ட் என்னும் உயர்நிலைப் பள்ளி வளாகம் ஒன்றைக் கட்டத் தொடங்கினர். தேர்ந்தெடுத்த மனை பழைய எண்ணெய்க் கிணறுகள் இருந்த நிலம். மீதேன் முதலிய வளிகள் மண்ணிலிருந்து கசிவது பெரும் சிக்கலாகி, பாதி எழும்பிய கட்டடம் 2000ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. பின்னர் அவ்விடத்தில் நிலநடுக்கப் பிளவும் கண்டறியப்பட்டது. ஒரு பகுதி இடிக்கப்பட்டு, திட்டம் மாற்றப்பட்டு, வேறு பெயருடன் 2008இல்தான் அது திறக்கப்பட்டது. மனை வாங்கும்முன் மண்ணை ஆராயாத நிர்வாகத்திடம் இன்னும் பல கோடிகளை ஒப்படைப்பதா என்று வரி செலுத்துவோர் கேட்டதில் தவறு காண இயலுமா?

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2002, 2004, 2005, 2008 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்த கடன்பத்திரங்களையும் நகர மக்கள் நிறைவேற்றினர். நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட புதிய பள்ளிகள் எழுந்தன. பேருந்தில் அனுப்பப்பட்ட பிள்ளைகள் தங்கள் தெருவுக்குத் திரும்பினர். அவற்றுள் 2010இல் திறக்கப்பட்ட ராபர்ட் கென்னடி பள்ளிகள் பெரும் வாதத்திற்கு உள்ளாயின. 1968ஆம் ஆண்டு ஜூனில் கென்னடி சுடப்பட்ட அம்பாசடர் ஓட்டல் நின்ற அதே மனை அது. வரலாற்றுச் சின்னத்தை இடிக்கலாகாது என்று மரபுக் காவலர்கள் வாதிட்டனர். 57.8 கோடி டாலர் செலவு என்பது அறிந்து நாடே வியந்தது; செய்தித்தாள்கள் எள்ளி நகையாடின. அப்பகுதியில் வாழ்ந்த எளிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கோ நடந்து செல்லும் தொலைவில் முதன்முறையாகப் போதிய இடம் கிடைத்தது. இரண்டும் மெய்யே. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பதுதான் பிழை.

பள்ளிக் கட்டடம் ஏன் இவ்வளவு விலையாகிறது என்போர் இன்னொன்றையும் எண்ணிப்பார்த்தல் நலம். 1933 மார்ச் 10ஆம் நாள் மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னர் லாங் பீச் பகுதியில் நிலநடுக்கம் நேர்ந்து சுமார் எழுபது பள்ளிகள் இடிந்தன. வகுப்புகள் முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பியிருந்தனர். சில மணி நேரம் முன்னதாக நிகழ்ந்திருப்பின் என்னவாகியிருக்கும் என்ற எண்ணமே ஒரு திங்களுக்குள் ஃபீல்டு சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்பின் கலிபோர்னியப் பொதுப்பள்ளிக் கட்டடங்கள் ஏனைய கட்டடங்களைவிடக் கடுமையான விதிகளின்படி, மாநிலத்தின் நேரடிக் கண்காணிப்பில் கட்டப்பட்டு வருகின்றன. விலையில் ஒரு பகுதி அந்த மாலைப்பொழுதின் விலை.

ஐம்பத்தைந்து விழுக்காடு

மூன்றில் இரண்டு என்னும் தடையைத் தகர்க்க 2000ஆம் ஆண்டு மார்ச்சில் 26ஆம் முன்மொழிவு வந்தது. எளிய பெரும்பான்மையே போதும் என்றது; தோற்றது. அதே ஆண்டு நவம்பரில் 39ஆம் முன்மொழிவு வந்தது. ஐம்பத்தைந்து விழுக்காடு போதும் என்றது. ஆனால் வெறுங்கையுடன் வரவில்லை. எந்தெந்தப் பணிக்குப் பணம் செலவாகும் என்ற பட்டியலை வாக்கெடுப்புக்கு முன்பே வெளியிடவேண்டும்; ஆசிரியர், நிர்வாகிகள் ஊதியத்திற்கு அப்பணத்தைத் தொடக்கூடாது; ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கையும் செயல் தணிக்கையும் நிகழவேண்டும்; முழுநிலைப் பள்ளி மாவட்டமாயின் ஒரு கடன்பத்திரத்தின் வரி, மதிப்பு இலட்சம் டாலருக்கு ஆண்டுக்கு அறுபது டாலரைத் தாண்டும் என்ற கணிப்பு இருத்தலாகாது. இவற்றோடு குடிமக்கள் மேற்பார்வைக் குழுவும் கட்டாயமாயிற்று. அதில் வரி செலுத்துவோர் சங்கத்தைச் சேர்ந்தவர் ஒருவர், முதியோர் அமைப்பைச் சேர்ந்தவர் ஒருவர், வணிகர் ஒருவர், பெற்றோர் என ஏழு பேரேனும் இடம்பெற வேண்டும். பள்ளி மாவட்ட ஊழியரும் ஒப்பந்தக்காரரும் அமர இயலாது.

இங்கு நோக்கத்தக்கது யாதெனில், ஐயுற்றவர்களையே காவலர்களாக அமர்த்தியதாகும். வரியை எதிர்த்தவன் வெளியே நின்று கல்லெறியாமல் உள்ளே வந்து கணக்கேட்டைப் புரட்டிப் பார்க்கட்டும் என்ற இம்முறையை ஒரு நல்ல உடன்படிக்கை என்றே நான் மதிக்கிறேன். நடைமுறையில் சில குழுக்கள் தேநீர் அருந்திக் கலைவதும் உண்டு. அது குழுவின் குறை, முறையின் குறை அன்று.

ஒரு வேடிக்கையும் உளது. இனிமேல் பள்ளிக் கடனுக்கு ஐம்பத்தைந்து விழுக்காடு தேவை என்று விதித்த 39ஆம் முன்மொழிவு, தான் பெற்றது சுமார் ஐம்பத்து மூன்று விழுக்காடே! மாநிலம் தழுவிய தீர்மானத்திற்கு எளிய பெரும்பான்மை போதும் என்பதால் அது பிழைத்தது.

வாக்களிப்பவர் யார்? செலுத்துபவர் யார்?

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, நாங்கள் ஏன் செலுத்த வேண்டும் என்ற வாதத்தை விரிவாக ஆராய வேண்டியதில்லை. அவ்வாறு கேட்போரும் முன்பொருகால் பிறருடைய வரியில் கட்டிய பள்ளியில் பயின்றவரே. இதனினும் கூர்மையான சிக்கல் வேறு. பள்ளியால் பயன்பெறுவோர் குழந்தைகள், அவர்களுக்கு வாக்கில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற நகரங்களில் அவர்களுடைய பெற்றோரில் பெருந்தொகையினர் குடியுரிமை பெறாதவர்கள், அவர்களுக்கும் வாக்கில்லை. வாடகை வழியாக அவர்கள் சொத்துவரியைச் சுமக்கின்றனர். சீட்டில் குறியிட மட்டும் இயலாது. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2016இல் குடியுரிமையற்ற பெற்றோர்க்கும் வாக்குரிமை தந்தது. அது பள்ளி ஆட்சிக்குழு உறுப்பினர் தேர்தலுக்கு மட்டுமே, கடன்பத்திரத்திற்கு அன்று.

செலுத்துவோரிடையேயும் சமன்மை இல்லை. 13ஆம் முன்மொழிவின் விளைவாக ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டார் வெவ்வேறு மதிப்பில் வரி செலுத்துகின்றனர். 1992இல் நாட்டின் உச்சநீதிமன்றத்தில் தீர்ப்பான நார்ட்லிங்கர் வழக்கில் இது வெளிச்சமாயிற்று. லாஸ் ஏஞ்சல்ஸில் 1988இல் 1,70,000 டாலருக்கு வீடு வாங்கியவர்க்கு ஆண்டு வரி சுமார் 1,700 டாலர். அவ்வீட்டை ஒத்த வேறொரு வீட்டைப் பல ஆண்டுகளாக உடைமையாகக் கொண்டிருந்தவர்க்கு, மதிப்பு 35,820 டாலராகவே நின்றமையால், வரி சுமார் 358 டாலர். இவ்வேறுபாடு செல்லும் என்றே நீதிமன்றம் கூறியது. கடன்பத்திர வரியும் இதே மதிப்பின்மீதுதான் அமர்கிறது. இலட்சத்திற்கு அறுபது டாலர் எனக் கொள்வோமாயின் புதியவர் 102 டாலர் தருவார். பழையவர் இருபத்தொன்று, இருபத்திரண்டு டாலர் தருவார். வாக்கு இருவர்க்கும் ஒன்றே. பிள்ளைகளை உடைய இளங்குடும்பத்தார் பெரும்பாலும் புதிதாக வீடு வாங்கியோர் என்பதையும் இங்குச் சேர்த்தெண்ணுதல் வேண்டும்.

ஒரு தெருவுக்குள் நிலை இதுவாயின் ஊருக்கும் ஊருக்கும் இடையே இன்னும் பெரிது. இதற்கு டெக்சஸ் மாநிலத்தின் ரோட்ரிகஸ் வழக்கு சிறந்த சான்று. சான் அன்டோனியோ நகரின் எட்ஜ்வுட் பகுதியில், ஒரு மாணவர்க்கு நேரான சொத்து மதிப்பு 5,960 டாலர். அதே நகரின் செல்வர் பகுதியான அலமோ ஹைட்ஸில் அது 49,000 டாலருக்கு மேல். எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலருக்கு 1.05 டாலர் வீதம் வரி செலுத்தியும் ஒரு மாணவர்க்குத் திரட்ட முடிந்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸ் 85 சென்ட் வீதமே செலுத்தி 333 டாலர் திரட்டியது. அதிகம் கொடுத்தவன் குறைவாகப் பெற்றான். 1973இல் உச்சநீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்ற கணக்கில், அரசியலமைப்பு இதனைத் தடுக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவில் 1971இல் தொடங்கிய செரானோ வழக்குத் தீர்ப்புகள் அன்றாடச் செலவில் இந்த ஏற்றத்தாழ்வைப் பெரிதும் குறைத்தன. கட்டடச் செலவோ பெரும்பாலும் ஊரின் செல்வத்தையே சார்ந்து நின்றது. உள்ளூர் திரட்டும் பணத்திற்கு ஈடாக மாநிலமும் தருவதால், திரட்ட வல்ல ஊர்க்கே மாநிலப் பணமும் விரைந்து சென்றது. 2024 நவம்பரில் நிறைவேறிய 1,000 கோடி டாலர் மாநிலக் கடன்பத்திரம், எளிய ஊர்களுக்கு மாநிலம் தரும் பங்கைச் சிறிது உயர்த்தியுள்ளது. சிறிது என்ற சொல்லை நான் அளந்தே எழுதுகிறேன்: ஐம்பது விழுக்காடு ஐம்பத்தைந்து வரையும், அறுபது அறுபத்தைந்து வரையும் செல்லலாம்.

எழுபத்தைந்து சொற்கள்

மொழி பயில்வோர்க்கு இவ்விவாதத்தில் ஒரு தனிச்சுவை உண்டு. கலிபோர்னிய வாக்குச்சீட்டில் உள்ளூர்த் தீர்மானத்தின் கேள்வி எழுபத்தைந்து சொற்களுக்குள் அடங்கவேண்டும். எதனை முன்வைப்பது, எதனைப் பின்வைப்பது என்பதில் ஒரு கலையே வளர்ந்துள்ளது. ஒழுகும் கூரை, குடிநீர்க் குழாய், நிலநடுக்கப் பாதுகாப்பு முதலியன முன்னணியில் நிற்கும். தொகை நடுவில் ஒதுங்கும். இறுதியில் மேற்பார்வைக் குழுவும் தணிக்கையும் வந்து அமைதியூட்டும். வரி என்ற சொல் முன்னர் வெளிப்படுவதே அரிதாயிருந்தது. வரியின் வீதத்தையும் அது நீடிக்கும் காலத்தையும் கேள்வியிலேயே கூறவேண்டும் என்று 2017இல் சட்டம் இயற்றினர். எழுபத்தைந்து சொற்களில் இவற்றையும் அடைத்தால் தெளிவு கெடும் என்று பள்ளி மாவட்டங்கள் முறையிட்டன.

டெக்சஸ் மாநிலமோ மறுகோடிக்குச் சென்றது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்குப் பள்ளிக் கடன்பத்திர வாக்குச்சீட்டு ஒவ்வொன்றிலும் 'இது ஒரு சொத்துவரி உயர்வு' என்ற தொடர் இடம்பெற வேண்டும். பழைய கடன் தீர்வதால் வரிவீதம் உயராத இடங்களிலும் அத்தொடர் இருந்தே தீரவேண்டும். ஒன்றில் விலை மறைகிறது. மற்றொன்றில் பொருள் மறைகிறது. எனினும் டெக்சஸார் இவ்வளவு கடுமை காட்டியதற்கு ஒரு பின்னணி உண்டு. டல்லாஸை அடுத்த ஆலன் என்னும் ஊரில், 2009இல் மக்கள் ஒப்பிய கடன்பத்திரத்திலிருந்து உயர்நிலைப் பள்ளிக்காக ஆறு கோடி டாலரில் கால்பந்து அரங்கம் ஒன்று கட்டப்பட்டது. 2012இல் திறந்து, 2014இல் கற்காரையில் வெடிப்புகள் கண்டு மூடி, 2015இல் மீண்டும் திறந்தனர். ஊரார் விரும்பித்தான் வாக்களித்தனர். வெளியார் நகைக்க என்ன உரிமை என்று கேட்போரும் உளர்.

வாக்குக் கேட்கும் குரல் யாருடையது என்பதும் ஆராயத்தக்கது. பொதுப்பணத்தைக் கொண்டு ஒரு தீர்மானத்திற்கு ஆதரவு திரட்டக்கூடாது என்று கலிபோர்னிய உச்சநீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. பள்ளி மாவட்டம் செய்தி கூறலாம். 'ஆம் என்று குறியிடுக' எனக் கூறலாகாது. ஆகவே பரப்புரைச் செலவை வேறு எவரோ ஏற்கவேண்டும். பல இடங்களில் ஏற்பவர்கள் கட்டட ஒப்பந்தக்காரர்களும் கடன்பத்திரத்தை விற்றுத்தரும் நிதி நிறுவனங்களுமே. பரப்புரைக்கு உதவினால் விற்பனை ஒப்பந்தம் தருவோம் என்று பேசிவைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம் என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2016இல் கருத்துரை வழங்க நேர்ந்தமையே நிலைமையை விளக்கப் போதுமானது.

போவே ஊரின் கணக்கு

சான் டியேகோ நகருக்கு வடக்கே போவே என்னும் பள்ளி மாவட்டம் உண்டு. கல்வித்தரத்தில் நற்பெயர் பெற்றது. 2008இல் அதன் மக்கள் கட்டடங்களைப் புதுப்பிக்கக் கடன்பத்திரத்திற்கு ஒப்புதல் தந்தனர். வரிவீதம் உயராது என்பது அவர்களுக்குத் தரப்பட்ட வாக்குறுதி. அவ்வாண்டே வீட்டு விலைகள் சரிந்தன. எதிர்பார்த்த வரி வரவில்லை. வேலையை நிறுத்துவதா, வரியை உயர்த்தி வாக்குறுதியை மீறுவதா என்ற நெருக்கடி. ஆட்சிக்குழு மூன்றாவதொரு வழியைத் தேர்ந்தது. 2011இல் சுமார் 10.5 கோடி டாலருக்கு ஒரு தனிவகைக் கடன்பத்திரம் விற்கப்பட்டது. அதன் இயல்பு இது: முதல் இருபது ஆண்டுகளுக்கு ஒரு காசும் செலுத்த வேண்டியதில்லை. அதுவரை வட்டி அசலோடு சேர்ந்து, வட்டிக்கு வட்டியாக வளரும். முன்கூட்டிப் பணம் கையில் வந்தாலும் அடைத்துவிட முடியாது.

வாக்குறுதி எழுத்தளவில் காப்பாற்றப்பட்டது. 2008இல் வாக்களித்தோரின் வரி அதனால் உயரவில்லை. திருப்பிச் செலுத்த வேண்டிய மொத்தத் தொகையோ சுமார் 98 கோடி டாலர், அதாவது வாங்கியதைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல். 2012இல் உள்ளூர்ச் செய்தியாளர்கள் இக்கணக்கை வெளியிட்டபோதுதான் ஊரார் திடுக்கிட்டனர். வேறு பல பள்ளி மாவட்டங்களும் இவ்வழியில் சென்றிருந்தமை தெரியவந்தது. திருப்பிச் செலுத்தும் தொகை அசலின் நான்கு மடங்கைத் தாண்டக்கூடாது, காலமும் இருபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டக்கூடாது என்று மாநிலம் 2013இல் சட்டம் இயற்றியது. அச்சட்டம் முன்பே விற்ற பத்திரங்களைத் தொடவில்லை.

வாக்குச்சீட்டு கேட்டது கடன் வாங்கலாமா என்று மட்டுமே. எவ்வகைக் கடன், எப்பொழுது அடைப்பது என்பன மூன்றாண்டுகள் கழித்து ஒரு குழு அறையில் முடிவாயின. மூன்றில் இரண்டு பங்கு விதியும் கடனின் வகையைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. ஐம்பத்தைந்து விழுக்காட்டு விதியின் மேற்பார்வைக் குழுவுக்கும், பணம் செலவாகும் முறையைப் பார்க்கும் பொறுப்பு உண்டேயன்றிக் கடன் வாங்கும் முறையைத் தடுக்கும் அதிகாரம் இல்லை. திருப்பிச் செலுத்தப்படும் முழுத்தொகையும் எழுபத்தைந்து சொற்களுக்குள் ஓர் எண்ணாக இடம்பெற வேண்டும், அதற்கு மேல் ஒரு காசு கடன்பட்டாலும் மீண்டும் ஊராரிடம் வரவேண்டும் என்று விதித்தால், விழுக்காடு பற்றிய வழக்கில் பாதி தீர்ந்துவிடும் என்பது என் துணிபு.

போவே ஊரின் முதல் தவணை 2033இல் தொடங்கும். கடைசித் தவணை 2051இல் முடியும். 2008இல் அங்கே முதல் வகுப்பில் சேர்ந்த ஆறு வயதுக் குழந்தை, செலுத்தத் தொடங்கும்போது முப்பத்தொரு வயதினர். செலுத்தி முடிக்கையில் நாற்பத்தொன்பது வயதினர். புதுப்பித்த அக்கட்டடத்தின் கூரையை அதற்குள் மீண்டும் ஒருமுறை மாற்றவேண்டி வரலாம். அதற்கும் வாக்குக் கேட்பர்.